கிராணி வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்த கருப்பு மண்

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வருகிறேன். தீமிதியை எழுதினேன், வெள்ளம் வந்ததை எழுதினேன், யானை இறங்கி மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டதைக்கூட எழுதினேன். ஒவ்வொரு வாரமும் தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போடும்போது, 'இந்த முறை அதுதான்' என்று நினைப்பேன். பிறகு வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் வாரக் கணக்கு இல்லை, வருடக் கணக்கு.

எழுதினால் அம்மனையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்தது நடந்தபடி இதோ.

தார்ப்பாயில் விதை

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே எங்கள் தோட்டம். எழுபதுகளின் பின்பாதி. மேட்டுக்காட்டில் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, எரித்து, படிப்படியாக மண்ணை வெட்டிப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். சாம்பல் வாடை இன்னும் போகவில்லை.

கன்றுகளுக்கு நடுவே ஒரு கொடி விதைக்க வேண்டும். பயறு ஜாதிக் கொடி. அது படர்ந்தால் மழைக்கு மண் கரையாது, லாலான் புல் தலை தூக்காது. விதை கடுகை விடக் கொஞ்சம் பெரியது.

அந்த விதைதான் அன்று காலை தார்ப்பாயில் குவிந்திருந்தது. கஞ்சித் தண்ணீரில் பிசைந்து, கருப்பு மண் மாதிரி ஒரு தூளைக் கலந்து, ஈரமாக. வெளிக்காட்டு மண்டோர் நான், ஆட்களை வேலை வாங்குகிறவன். என் கூட்டத்தில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேரும் பத்தடி தள்ளி, கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னா அப்படியே நிக்கிறீங்க? எடுங்க லா," என்றேன்.

அஞ்சலைதான் முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவோம், நான் உட்பட.

"மண்டோரே, நீ மொதல்ல கைய வையி. ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னா நாளைக்கி நாங்க வைக்கிறோம்."

"நாளைக்கி வரைக்கும் இது தாங்காது. இன்னிக்கே மண்ணுக்குள்ள போவணும்."

"அப்ப நீயே போட்டுக்க. இத்தினி பெரிய காடு, பொழுது சாய முடிச்சிருவே."

பெண்கள் சிரித்தார்கள். யாரும் கையை வெளியே எடுக்கவில்லை.

அந்தக் கருப்புத் தூள் என்ன என்று தெரிந்ததால்தான் இவ்வளவும். அது கிருமி.

நல்ல கிருமி என்று ஒன்று

அதைச் சொன்னவர் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி நவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. பெரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், ஒரு பாக்கெட்டை உயர்த்திக் காட்டி, அதன்மேல் இங்கிலீஷில் இருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இது உயிர். பாக்க மண் மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்கை கோடிக்கணக்கிலை கிருமி. இந்தக் கொடியின்ரை வேரிலை குடியிருந்து, காத்திலை இருக்கிற சத்தை எடுத்துச் செடிக்குக் குடுக்கும். மனிசருக்கு ஒண்டும் செய்யாது. ஆனா செத்துப்போச்செண்டால் வெறும் மண்தான்."

வெயில் ஆகாது. சூடு ஆகாது. உர மூட்டைக்குப் பக்கத்தில், களையைக் கருக்குகிற புல் மருந்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. மருந்தடித்த வாளியை எடுக்கவே கூடாது. திறந்த பாக்கெட்டை அன்றே முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஓர் அட்டையில் தமிழில் எழுதி ஸ்டோர் கதவில் ஆணி அடித்து மாட்டினார்.

சனம் அதைப் படித்துவிட்டுத்தான் இன்னும் பயந்தது. "சும்மா மண்ணுக்கு எதுக்கு இத்தினி சட்டம்?" என்று கேட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஓரிரண்டு வருடம் முன்னால்தான் புல் மருந்து வந்தது. "தண்ணி மாதிரிதான், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் பெண்கள் முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிவிட்டார்கள். மூன்று மாதத்தில் அஞ்சலையின் கை நகம் இரண்டு கழன்று விழுந்தது. என் மனைவி மங்களத்துக்குக் கழுத்தில் வெந்த மாதிரி ஒரு தடம். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸர் வெள்ளைக் களிம்பு கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் எதைக் 'கெடுதல் இல்லை' என்று சொன்னாலும், நாங்கள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்போம்.

மூன்று ஐஸ்பெட்டிகள்

பாக்கெட்டுகளைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்போது ஐஸ்பெட்டி மூன்றுதான். தோட்ட மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் ஒன்று. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒன்று. "ஊசி மருந்து பக்கத்துல கிருமியா? ஆளை விடுங்க," என்று டிரஸர் மறுத்துவிட்டார். மிச்சம் கிராணி வீட்டில் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியில் திரி எரியும், மேலே குளிரும். அதைப் பார்க்கவே நாங்கள் ஒரு காலத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனதுண்டு.

கிராணியின் மனைவி பரமேஸ்வரி அம்மா. செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டும், சுத்தம் பார்ப்பவர். முதலில் அவரும் முரண்டு பிடித்தாராம். கடைசியில் கீழ்த்தட்டைக் கழுவித் துடைத்து ஒதுக்கிக் கொடுத்தார். கிராணி தினமும் காலையில் திரியைக் கத்தரித்து, டிரஸரிடம் இரவல் வாங்கிய வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பாராம்.

"கிருமிக்குப் பக்கத்தில தயிர் வச்சிருக்காங்களே," என்று யாரோ கேட்டதற்கு, "தயிரும் கிருமிதான்" என்று கிராணி சொல்லிவிட்டார். அதோடு அந்த வீட்டு மோருக்கும் பயம் வந்துவிட்டது. அந்த வருடம் கோயில் திருவிழாவில் பரமேஸ்வரி அம்மா கொண்டுவந்து வைத்த மோர்ப்பானையை ஒருவரும் தொடவில்லை. அந்த அம்மா பானையை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

இதில் பழைய கணக்கும் இருந்தது. ஆபிஸில் உட்காருகிறவர்கள் அவர்கள், வெயிலில் நிற்கிறவர்கள் நாங்கள். பேசுவது தமிழ்தான், சாமியும் ஒரே சாமிதான். ஆனாலும் அவர்கள் ஒன்று சொன்னால் அதற்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும் என்று எங்களுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

நான் ஊற்றியது

மேட்டுக்காட்டுக்கு வருகிறேன்.

ஒரு வாரம் முன்னால் கீழ்க்காட்டில் வேறொரு மண்டோரின் ஆட்கள் விதைத்து முடித்திருந்தார்கள். எங்கள் முறை அடுத்த திங்கள்கிழமை. அந்த ஏழு நாளும் எங்கள் பாக்கெட்டுகள் கிராணி வீட்டு ஐஸ்பெட்டியில்தான் இருந்தன.

திங்கள் காலை கிராணியே பாக்கெட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, நனைத்த சாக்கைச் சுற்றி, மேட்டுக்குக் கொண்டுவந்தார். ஓர் ஒற்றை மரத்து நிழலில் தார்ப்பாயை விரித்து, வெறுங்கையால் கலந்து காட்டினார்.

"ஒரு மணித்தியாலத்துக்குள்ளை விதைச்சு மண்ணை மூடிப்போடவேணும், மண்டோர். வெயில் படக்கூடாது," என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும்தான் அஞ்சலை அப்படிக் கேட்டாள்.

மணி ஏழரை. திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. புதுக் காட்டில் முதல் விதை. அந்த நேரத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக் கோயில் சாவி அப்போது என் இடுப்பில்தான் இருக்கும். பூசை செய்யாமல் எதையும் தொடங்காதவன் நான். அந்தப் பெண்களின் பயமும் தீர வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு யோசனை வந்தது. கூட்டத்தில் இருந்த மங்களத்தைக் கோயிலுக்கு அனுப்பி, ஒரு வாளி நிறைய ஆரத்தித் தண்ணீர் கரைத்துக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சளும் சுண்ணாம்பும். நல்ல சிவப்பாக வரட்டும் என்று சுண்ணாம்பைத் தாராளமாகவே போடச் சொன்னேன்.

ஆரத்தி என்பது சுற்றி, தெருவில் கொட்டுவது. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சுற்றுவோம், பிள்ளை பெற்று வந்தவளுக்குச் சுற்றுவோம். எடுத்து யார் தலையிலும் ஊற்ற மாட்டோம். நான் அன்று ஊற்றினேன். விதைக் குவியலை மூன்று முறை சுற்றி, "ஆத்தா, இதுல உள்ள கெட்டதை எடுத்துரு" என்று சொல்லி, வாளித் தண்ணீர் முழுவதையும் மேலே கவிழ்த்தேன். கருப்பாக இருந்த விதை சிவந்துபோனது.

பிறகு அது சொதசொதவென்று கையில் ஒட்டியது. காய வேண்டுமே. தார்ப்பாயை நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்துப் பரப்பினோம். ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்தது. கற்பூரம் காட்டினேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"இப்பச் சரி. அம்மா பாத்துக்குவா," என்றாள் அஞ்சலை.

எனக்கு அன்று ரொம்ப நிறைவாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மஞ்சள் காடு

இரண்டு மூன்று மாதத்தில் கீழ்க்காடு கரும்பச்சையாக மூடிவிட்டது. எங்கள் மேடு மஞ்சள். கொடி முழ நீளத்துக்குமேல் போகவில்லை. இலை வெளிறி, நடுவே லாலான் ஈட்டி ஈட்டியாகக் கிளம்பியது. அடுத்து வந்த மழையில் படி வெட்டிய மண் சரிந்து, கன்றுகளையும் இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது.

ஆராய்ச்சி ஆபிசர் ஒருவர் வந்தார். இரண்டு காட்டிலும் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, பெரிய தொரையின் மேசைமேல் வைத்தார். கீழ்க்காட்டு வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறினார். உள்ளே ரத்தம் மாதிரிச் சிவப்பு. எங்கள் காட்டு வேர் மொட்டை.

மண்ணுக்குப் போவதற்கு முன்பே கிருமி செத்திருக்கிறது என்றார். ஒரே பெட்டியில் வந்த பாக்கெட். ஒரு வாரம் முன்னால் போட்டது பிழைத்திருக்கிறது, பின்னால் போட்டது செத்திருக்கிறது. அப்படியானால் நடுவில் இருந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது?

எல்லோரும் கிராணியைப் பார்த்தார்கள்.

தொரை என் பக்கம் திரும்பினார். எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"மண்டோர், ஒன் கைக்கு வந்தப்புறம் வேற ஏதும் கலந்தியா? ஒரம்? புல் மருந்து?"

"இல்ல தொரை."

ஆரத்தித் தண்ணீர் உரமும் இல்லை, மருந்தும் இல்லை. அதனால் அந்தப் பதில் எனக்குப் பொய்யாகப் படவில்லை.

"வெயில்ல வெச்சியா?"

"இல்ல தொரை."

இது பொய். தெரிந்தே சொன்னது. ராகு காலத்துக்காக ஒன்றரை மணி நேரம் ஆட்களை நிறுத்தி வைத்தேன் என்று சொன்னால் மண்டோர் வேலை போய்விடும்.

நவரத்தினம் கிராணி என்னையே பார்த்தார். "மண்டோர், வடிவா யோசிச்சுச் சொல்லும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்தான் கிடக்கு. வேற ஒண்டும் நடக்கேல்லையோ?"

"சொன்னதுதான் ஐயா," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மங்களம் கேட்டாள். "ஆரத்தித் தண்ணிய சொன்னியா?"

"அத எதுக்குச் சொல்லணும்? அது அம்மா தண்ணி."

"வெயிலு?"

நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்தியது.

குழாயடி

அன்று சாயந்திரமே எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக் குழாயடியில் பேச்சு தொடங்கிவிட்டது. கிராணி சீனத் தோட்டக்காரனுக்குப் பாக்கெட்டை விற்றுவிட்டு வாய்க்கால் மண்ணை அடைத்துக் கொடுத்தான் என்றது ஒரு கூட்டம். திரி அணைந்ததைக் கவனிக்காமல் விட்டான் என்றது இன்னொன்று. "நம்ம காடுன்னா மட்டும் எப்படிக் கெட்டுப்போச்சு? சிலோன்காரவுங்களுக்கு நம்மளக் கண்டா ஆவாது லா," என்றாள் அஞ்சலை.

எனக்கு உள்ளுக்குள் பயம். பேச்சு என் பக்கம் திரும்புவதற்குள் அதை வேறு பக்கம் தள்ளிவிட வேண்டும். பாக்கெட்டுகள் ஐஸ்பெட்டியில் இருந்த அந்த ஏழு நாளில்தான் கிராணியின் மகளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அது தோட்டத்துக்கே தெரியும்.

"அன்னிக்கி அத்தினி சோடா போத்தலு வந்து எறங்குச்சே," என்றேன் நான். "அதெல்லாம் எங்க வெச்சிருப்பாங்க?"

அவ்வளவுதான் கேட்டேன். மறுநாள் காலைப் பெரட்டுக்குள் கதை முழுசாகிவிட்டது. கிராணி அம்மா சோடாவைக் குளிர வைக்கப் பாக்கெட்டுகளை எடுத்து அடுப்பங்கரையில் போட்டார், ஒரு நாள் முழுக்கக் கிடந்து வெந்துபோனது, பிறகு சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். பார்த்த மாதிரி சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். "எனக்கு அப்பவே சந்தேகம்," என்றுகூடச் சொன்னேன்.

மாதக் கடைசியில் கிராணிக்கு வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஐஸ்பெட்டியை லாரியில் ஏற்ற அவரும் லாரிக்காரனும் மட்டும் திணறினார்கள். நாங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தோம். பரமேஸ்வரி அம்மா லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடியே போனார்.

அந்த மாப்பிள்ளை வீடும் வேண்டாம் என்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு சொட்டு படக்கூடாது

சில வருடங்கள் கழித்து இன்னொரு மேட்டில் மறுநடவு. மறுபடி அதே பாக்கெட்டுகள். இந்த முறை ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து ஆபிசரே நேரில் கொண்டுவந்தார். சின்ன வயதுத் தமிழ்ப் பெண், கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். மரியாதையான பிள்ளை.

நான் வழக்கம்போல ஆரத்தி வாளியோடு போனேன்.

"இது என்னா தண்ணிங்க அண்ணே?"

"ஆரத்திம்மா. விதைக்குச் சுத்தணும்."

"மஞ்சளும் சுண்ணாம்புமா?"

"ஆமாம்மா."

"சுத்துங்க அண்ணே, நல்லாச் சுத்துங்க. சுத்திட்டு அந்தாண்ட தூரமாக் கொண்டுபோயி கொட்டிருங்க. வெத மேல ஒரு சொட்டு படக்கூடாது. சுண்ணாம்பு பட்டா இது செத்துப்போயிரும்."

"கொஞ்சம்தாம்மா."

"கொஞ்சமே போதும் அண்ணே. அதோட வெயிலும் பட்டுச்சுன்னா சுத்தம். பாக்கெட்ட எத்தினி நாளு ஐஸ்ல வெச்சிருந்தாலும் பிரயோசனமில்ல." பிறகு சிரித்துக்கொண்டே, "ஏன் அண்ணே, முன்ன ஊத்தியிருக்கீங்களா?" என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தப் பெண் நகர்ந்துபோன பிறகு, குனிந்து கூடையைச் சரிசெய்தபடியே அவள் மெதுவாகச் சொன்னாள்: "மண்டோரே, நான் ஒண்ணும் பாக்கல."

அம்மன் தண்ணீர் கெடுத்தது என்று நான் எழுத மாட்டேன். அம்மனுக்குத் தெரியும். சுற்றிக் கொட்ட வேண்டியதை என் பயத்தில் மேலே கொட்டினேன். பிறகு இன்னொரு பயத்தில் பொய் சொன்னேன். இரண்டும் என்னுடையது.

அடுத்த சில வாரம் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, அம்மன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவேன். மங்களம்தான் பொறுக்க முடியாமல் சொன்னாள். "போயி சொல்லிட்டு வா. இல்லாட்டி சாவிய வேற யாருகிட்டயாச்சும் குடு."

ஹுத்தான் மெலிந்தாங்

கிராணி ஹுத்தான் மெலிந்தாங்கில், மைத்துனர் ஒருவரின் மீன் கிட்டங்கியில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஈப்போ போய், அங்கிருந்து தெலுக் அன்சன் பஸ், பிறகு இன்னொன்று. இறங்கியதும் மீன் வாடையும் ஆற்றுச் சேற்று வாடையும்.

ஐஸ் கட்டிகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன மண்டோர்? ஆர் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலீங்க ஐயா. நானாத்தான் வாரேன்."

"நீர் சும்மா வாற ஆள் இல்லையே."

அது நியாயமான சந்தேகம். கிட்டங்கிக்குப் பின்னால்தான் வீடு. பலகை வீடு. முன் அறையில் உட்கார வைத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ராகு காலம், ஆரத்தி, சுண்ணாம்பு, வெயில், தொரை கேட்டது, நான் சொன்னது.

முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி அம்மா எப்போதிலிருந்தோ நிலைப்படியில் நின்றிருக்கிறார்.

"அப்ப நான் எடுத்து வெளியிலை வைக்கேல்லை," என்றார் அந்த அம்மா.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னிடம்தான் பேசினார், ஆனால் கண் கணவர்மேல் இருந்தது.

"சோடாப் போத்தலுக்காக நான் அந்தப் பாக்கெட்டுகளை எடுத்தனான் எண்டு தோட்டத்துச் சனம் கதைச்சதை இவரும் கேட்டவர். நான் எடுக்கேல்லை எண்டு முருகன்மேலை சத்தியம் பண்ணினனான். 'சரி, விடு' எண்டு சொன்னார். அவ்வளவுதான். இத்தனை வருஷமும் 'சரி, விடு'தான்."

"நான் உன்னை ஒரு நாளும் குறை சொல்லேல்லையே, பரமேசு," என்றார் கிராணி.

"சொல்லேல்லை. நம்பவும் இல்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தால் பின்னாலை வந்து நிப்பீங்கள். நான் மூடுற வரைக்கும் நிப்பீங்கள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

வேலையைக் கெடுத்தேன், வீட்டைக் கெடுத்தேன் என்று நினைத்துத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுக்குள் இப்படி இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் எனக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார் அம்மா. "மெதுவாச் சொல்லுங்கோ. இவரின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கிராணி ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார், ஸ்டோரில் சாமான் சரிபார்க்கிற மாதிரி. முடிந்ததும் காலில் விழப்போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எழும்பும் மண்டோர். எனக்கு இப்ப ஒண்டும் சொல்லத் தெரியேல்லை."

"மன்னிக்கிறதைப் பிறகு பாப்பம்," என்றார் பரமேஸ்வரி அம்மா. "முதல்லை அந்தச் சனத்துக்குச் சொல்லுங்கோ."

"அங்க பாதிப் பேரு இப்ப இல்லீங்கம்மா. தோட்டத்தத் துண்டு போட்டு விக்கப் போறாங்களாம். ஈப்போ பக்கம், கிள்ளான் பக்கம்னு ஆளாளுக்குப் போயிட்டாங்க."

"போன இடமெல்லாம் என்ரை கதையையும் கொண்டுதானே போயிருப்பினம்?"

சொல்கிறேன் என்று சாமி சாட்சியாக ஒப்புக்கொண்டு பஸ் ஏறினேன்.

சோடாப் போத்தல் பேச்சைக் குழாயடியில் முதன்முதலாக எடுத்தவன் நான்தான் என்று மட்டும் அன்று சொல்லவில்லை. இரண்டு முறை சொல்லியும் இரண்டு முறையும் அதை விட்டுவிட்டேன்.

இப்போது ஏன்

தோட்டத்துக்குத் திரும்பி, மிச்சம் இருந்தவர்களிடம் சொன்னேன். அம்மன் முன்னால் நின்று சொன்னேன். "விடுங்க மண்டோரே, பழைய கத," என்றார்கள். ஒருத்தர், கிராணி என்னைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பேச வைத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டார். எங்கள் சனத்துக்குச் சந்தேகப்பட நான்தான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேனே.

அப்புறம் தோட்டம் போயிற்று. நானும் ஈப்போவுக்கு வந்து ஜாகா வேலையில், அதாவது காவல் வேலையில் சேர்ந்தேன். கிராணி காலமாகிவிட்டார். போகும் முன்னால் சில வருடம் அந்த வீட்டில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

போன மாதம் புந்தோங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர், எங்கள் தோட்டத்தில் பிறக்கக்கூட இல்லை, அவர் தாயார்தான் எங்கள் லயம். கூட்டாளிகளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். சிலோன்காரக் கிராணி அம்மா சோடாவுக்காக ஒரு மலையையே மஞ்சளாக்கிய கதை. இப்போது அதில் அந்த அம்மா சோடாவைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விற்கவும் செய்கிறார். எல்லோரும் இலையில் கைவைத்தபடி சிரித்தார்கள்.

நான் அவர் கையைப் பிடித்து, அப்படி இல்லை தம்பி என்றேன். "கதைதானே மாமா," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்துதான் இந்தத் தாளை எடுத்தேன்.

பரமேஸ்வரி அம்மா மகளோடு இருக்கிறார். மகளுக்குப் பிறகு வேறு நல்ல இடம் அமைந்தது. இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா, அந்தச் சோடாப் போத்தல் கேள்வியைக் கேட்டவன் நான். அன்று உங்கள் வீட்டில் நின்று சொல்ல வாய் வராததை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இருந்தவர்களே, அவர்களுடைய பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுங்கள். வயதானவன் என்று இரக்கப்பட்டு என் பங்கைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ருசிக்காக ஒன்றும் சேர்க்கவும் வேண்டாம். அம்மனை இதற்குள் இழுக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லிவிடுங்கள்: பரமேஸ்வரி அம்மா அந்த ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டைக்கூட வெளியே எடுக்கவில்லை.